மேன் பேஜ் தாளுக்குப் பிறந்தது

தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரி மாணவர்கள் பத்துப் பதினைந்து பேருக்கு லினக்ஸ் சொல்லித் தருகிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறது. வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஒரு கட்டளையைப் பற்றித் தெரிய வேண்டுமா, மேன் என்று அடித்து அதன் பெயரைப் போட்டால் கையேடு திறக்கும் என்று வகுப்பில் காட்டுவேன். அந்தக் கையேட்டுப் பக்கத்துக்குத்தான் மேன் பேஜ் என்று பெயர். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் அந்தக் கையேடு அவர்களுக்கு இல்லை. “அண்ணா, இதைப் பிரிண்ட் போட்டுக் குடுங்க, பஸ்ஸுல படிச்சுக்கறோம்” என்று ஒரு மாணவி கேட்டார். கேட்டது நியாயம்.

கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலை முழுத் திரைக்கு விரித்து, வந்த எழுத்தையெல்லாம் நகலெடுத்து, ஒரு வேர்டு கோப்பில் ஒட்டி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வெளியே வந்த தாள் மனதைச் சங்கடப்படுத்தியது. ஒவ்வொரு வரியின் வாலும் அடுத்த வரியில் தனியாக விழுந்து கிடந்தது. கட்டளையோடு சேர்த்துத் தட்டும் ஆப்ஷன் ஒரு பக்கமும் அதன் விளக்கம் ஒரு பக்கமுமாக நிற்க வேண்டியவை ஒன்றோடொன்று கலந்திருந்தன. தடித்த எழுத்து ஒன்றுகூட இல்லை. மாணவர்கள் வாங்கிக்கொண்டார்கள், அடுத்த வாரம் யாரும் படித்துவிட்டு வரவில்லை. அந்தத் தாளைப் படித்திருக்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

ஏன் அப்படி ஆனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். டெர்மினல் எத்தனை எழுத்து அகலமோ அதற்கேற்ப மேன் கட்டளை வரியை மடக்குகிறது. வழக்கமான டெர்மினல் 80 எழுத்து. முழுத் திரைக்கு விரித்தால் அதைப்போல இரண்டு மடங்குகூட வரும். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். இரு பக்கமும் ஓர் அங்குலம் விளிம்பு விட்டால் மிச்சம் 6.27 அங்குலம். கூரியர் எழுத்துருவை 10 புள்ளி அளவில் வைத்தால் அங்குலத்துக்கு 12 எழுத்து, ஆக வரிக்கு 75 எழுத்துதான் கொள்ளும். 80 எழுத்து வரியே தாளுக்குள் அடங்காது என்னும்போது முழுத் திரை வரி எப்படி அடங்கும்? கூரியரைவிட்டு வேறு எழுத்துரு வந்துவிட்டாலோ, எழுத்துக்கு எழுத்து அகலம் மாறி, இடைவெளி போட்டு வரிசைப்படுத்திய எல்லாம் குலைந்துவிடும்.

நான் அச்சிட்டது மேன் பேஜின் மூலத்தை அல்ல; அந்த நிமிடம் அந்தத் திரையின் அளவுக்கு அது எடுத்திருந்த உருவத்தை. மூலம் வேறு இடத்தில் இருக்கிறது, அது முதலிலிருந்தே தாளுக்காக எழுதப்பட்டது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற வேலையெல்லாம் எளிது. அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1964இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்ஸர் என்பவர் ரன்ஆஃப் என்றொரு நிரல் எழுதினார். எழுத்துக்கு நடுவே புள்ளியில் தொடங்கும் சிறு உத்தரவுகளைப் போட்டு வைத்தால், அது பத்தி பிரித்து, ஓரம் சீராக்கி, பக்கம் பக்கமாக அச்சுக்குத் தயாராக்கிக் கொடுக்கும். பெல் ஆய்வகத்தில் அதன் வழிவந்தது ராஃப். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை எழுதிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் இருந்த குழுவுக்கு பிடிபி-11 கணினி வாங்கப் பணம் கிடைத்ததே, ஆவணங்களைத் திருத்தி அச்சுக்குத் தயாராக்கும் ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லித்தான். யூனிக்ஸ் வளர்ந்ததில் ஆவணம் அச்சிடும் வேலைக்கு அவ்வளவு பங்கு உண்டு. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டு வந்தது. அப்போது டெர்மினல் என்பதே டெலிடைப் இயந்திரம். தாள் சுருளில் தட்டச்சு அடித்துப் பதில் சொல்லும். திரை என்ற பேச்சே அங்கே பெரிதாக இல்லை.

அப்புறம் ஜோ ஒஸானா 1973இல் ட்ராஃப் எழுதினார். கேட் என்ற ஒளியச்சுக் கருவிக்காக எழுதியது. எழுத்து வடிவங்கள் ஃபிலிமில் இருக்கும், ஒளி பாய்ச்சி அவற்றைப் புகைப்படத் தாளில் பதிப்பார்கள். ஒரு நேரத்தில் நான்கு எழுத்துருதான், ஒவ்வொன்றிலும் 102 வடிவங்கள். சாதாரண எழுத்து, சாய்வெழுத்து, தடித்த எழுத்து, சிறப்புக் குறிகள், அவ்வளவுதான் இடம். 1977இல் ஒஸானா காலமானார். பிரையன் கெர்னிகன் அதை எடுத்து, எந்த அச்சுக் கருவிக்கும் பொருந்துமாறு மாற்றி அமைத்தார். மூலத்தை முதலில் கருவி சாராத ஒரு நடு வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு கருவிக்கு ஒரு சிறு நிரல் அதை முடித்துக் கொடுக்கும் முறை அது. 1990இல் ஜேம்ஸ் கிளார்க் இதையெல்லாம் கட்டற்ற மென்பொருளாகப் புதிதாக எழுதினார். அதுதான் கிராஃப். இன்று லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலோ டெபியனிலோ மேன் என்று அடித்தால் பின்னால் ஓடுவது அதுவே.

இப்போது மூலத்தைத் திறந்து பார்க்கலாம். யூஎஸ்ஆர் அடைவுக்குள் ஷேர், அதற்குள் மேன் என்ற அடைவில் எல்லாம் சுருக்கிய கோப்புகளாக இருக்கின்றன. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு உரியதை விரித்துப் பார்த்தால், முதலில் புள்ளி டிஎச் என்று ஒரு வரி. தலைப்பும் பிரிவு எண்ணும் அதில். புள்ளி எஸ்எச் வந்தால் பகுதித் தலைப்பு. புள்ளி பி வந்தால் தடித்த எழுத்து, புள்ளி ஐ வந்தால் சாய்வு. வரி எங்கே மடங்கும் என்று அதில் எங்கும் இல்லை. எந்தக் கருவிக்குப் போகிறது என்று பார்த்து கிராஃப் அதை முடிவு செய்யும். அந்தக் கருவிக்கு முடித்துக் கொடுப்பது கடைசியில் வரும் சிறு நிரல்: டெர்மினலுக்கு க்ராட்டி, அச்சு இயந்திரங்களின் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டுக்கு க்ராப்ஸ், பிடிஎஃப்புக்கு க்ராபிடிஎஃப். ஒரே மாவு, தோசையா இட்லியா என்பது எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது.

தடித்த எழுத்தும் சாய்வும் மேன் பேஜில் அழகுக்காக இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தடித்ததை அப்படியே தட்ட வேண்டும். சாய்ந்ததை எடுத்துவிட்டு நம்முடைய கோப்பின் பெயரையோ எண்ணையோ போட வேண்டும். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பம், மூன்று புள்ளி வந்தால் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம், நடுவே நிமிர்ந்த கோடு வந்தால் இரண்டில் ஒன்று. டெர்மினலில் சாய்வெழுத்து பெரும்பாலும் அடிக்கோடாகத்தான் தெரியும். வெறும் எழுத்தாக நகலெடுத்தால் இரண்டும் போய்விடும். நான் கொடுத்த முதல் தாளைப் பார்த்து ஒரு மாணவர் ஃபைல் என்ற ஆங்கிலச் சொல்லையே கட்டளையோடு சேர்த்துத் தட்டியிருந்தார். தாளில் அது சாய்வாக இருந்திருந்தால் அந்தத் தவறு வந்திருக்காது.

டெலிடைப் காலத்தில் தடித்த எழுத்து வேண்டுமென்றால் அச்சுத் தலை ஓர் எழுத்தை அடித்து, பின்னால் நகர்ந்து, அதே இடத்தில் மறுபடி அடிக்கும். அடிக்கோட்டுக்கும் அதே வழி. அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. சில கணினிகளில் மேன் பேஜை நேரே கோப்பில் சேமித்தால் எழுத்துக்கு நடுவே பின்நகர்வுக் குறிகள் புகுந்து, ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரிவது இதனால்தான். கால் (col) என்ற சிறு கட்டளையோடு சின்ன பி (b) ஆப்ஷன் கொடுத்து வடிகட்டினால் சுத்தமான எழுத்து கிடைக்கும். மின்னஞ்சலில் ஒட்ட அது போதும், அச்சுக்குப் போதாது.

அச்சுக்கு நேர்வழி இரண்டு. மேன் கட்டளையோடு ஹைஃபன் போட்டு சின்ன டி (t) சேர்த்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட் வரும். அதை கோஸ்ட்ஸ்கிரிப்ட் தரும் பிஎஸ்டுபிடிஎஃப் கட்டளையில் செலுத்தினால் பிடிஎஃப். பழைய வழி, பெரும்பாலான இடங்களில் ஓடும். பெரிய டி (T) போட்டு அதையொட்டி பிடிஎஃப் என்று எழுதினால் நேரடியாகவே பிடிஎஃப் வந்துவிடும். அதைக் கோப்புக்குத் திருப்பினால் போதும். சில கணினிகளில் இதற்கு கிராஃப் முழுத் தொகுப்பையும் நிறுவ வேண்டியிருக்கும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். போஸ்ட்ஸ்கிரிப்டைத் திறக்கும் நிரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மேக் கணினியின் ப்ரிவ்யூ நிரலே வென்ச்சுரா பதிப்போடு அதைக் கைவிட்டது.

மேன் வழியாகப் போகாமல் கிராஃபை நேரடியாகக் கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. எழுத்தளவை 12 புள்ளியாக்கலாம்: சின்ன ஆர் ஆப்ஷனோடு பெரிய எஸ், அதையொட்டி 12. ஜெராக்ஸ் எடுத்ததை மறுபடி ஜெராக்ஸ் எடுக்கும் மாணவர்களுக்கு இது பெரிய உதவி. அதே இடத்தில் பெரிய சி போட்டு 1 கொடுத்தால், பல மேன் பேஜ்களை ஒன்றாகச் சேர்க்கும்போது பக்க எண் ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காமல் வரிசையாக ஓடும். பெரிய டி (D) போட்டு 1 கொடுத்தால் இரு பக்கமும் அச்சிடுவதற்கு ஏற்ப இடப்பக்கம், வலப்பக்கம் பார்த்து பக்கத்தின் அடிவரி மாறி அமையும். இந்த வழியில் அட்டவணை உள்ள பக்கங்களுக்கு டிபிஎல் என்ற முன்நிரலையும் சேர்த்து ஓட்ட மறக்கக்கூடாது. கிராஃபுக்கு சின்ன டி (t) ஆப்ஷன் கொடுத்தால் ஓடிவிடும். மேன் கட்டளை இதைத் தானே பார்த்துக்கொள்கிறது, நேரடியாகப் போகும்போது நாம் பார்க்க வேண்டும். கொடுக்காவிட்டால் அட்டவணை சிதறிப்போகும்.

தாள் அளவு இன்னொன்று. அமெரிக்க லெட்டர் தாள் 216க்கு 279 மில்லிமீட்டர், நம் ஏ4 210க்கு 297. லெட்டர் அளவில் செய்த பிடிஎஃப்பை ஏ4இல் அடித்தால் அடியில் வெற்றிடம் விழும், ஓரத்தில் விளிம்பு குறுகும். சுருக்கி அடித்தால் எழுத்து இன்னும் சிறுக்கும். கிராஃபிடம் ஏ4 என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சரி, தாள் ஒழுங்காக வந்துவிட்டது. அதில் எதை எப்படிப் படிப்பது? தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு மேன் பேஜின் கட்டமைப்பு புதிதாக இருக்காது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், யார் தொறுக் கொண்டபோது (ஆநிரை கவர்ந்தபோது) நடந்த பூசல், இன்னான் பட்டான் கல் என்று பெரும்பாலும் அந்த வரிசையிலேயே போகும். வரிசை தெரிந்தவருக்கு, எழுத்து பாதி தேய்ந்திருந்தாலும் எந்த இடத்தில் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். மேன் பேஜும் அப்படித்தான். பெயர், சுருக்க வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மற்றவை காண்க, பிழைகள் என்று 1971 கையேட்டில் போட்ட வரிசைதான் இன்றும் அடித்தளம். பிழைகள் என்று ஒரு தலைப்பையே வைத்து, தங்கள் நிரல் எங்கே சறுக்கும் என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியை நான் வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன்.

கல்வெட்டைக் கல்லிலேயே வைத்துப் படிப்பதைவிட, ஈரத்தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றி, மைப்படி எடுத்துப் படிப்பதுதான் ஆய்வாளர்களின் வழக்கம். தாளில் வந்ததும் பக்கத்தில் குறிப்பெழுதலாம், மேசையில் பரப்பி ஒன்றோடொன்று ஒப்பிடலாம். திரையில் மேன் பேஜைக் காட்டும் லெஸ் நிரலில் சாய்கோடு போட்டுத் தேட முடியும், அது தாளில் முடியாது. ஆனால் முதல்முறை படிப்பவருக்கு என்ன தேடுவது என்றே தெரியாதே. அவருக்குத் தாள்தான் வேண்டும், பேனாவோடு.

தாளில் வந்த பிறகும் இரண்டு இடத்தில் மாணவர்கள் தடுமாறினார்கள். நீளப் பெயர் ஆப்ஷன்களுக்கு முன்னால் இரண்டு ஹைஃபன் வரும். டைம்ஸ் எழுத்துருவில் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீளக் கோடாகத் தெரிகின்றன. பார்த்தவர் ஒரு ஹைஃபன்தான் தட்டுவார். எல்எஸ் கட்டளையில் 1 என்ற இலக்கமும் ஓர் ஆப்ஷன், சின்ன எல் எழுத்தும் ஓர் ஆப்ஷன். மங்கலான ஜெராக்ஸில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். இந்த இடத்துக்காகவே ஒருமுறை கூரியர் எழுத்துருவில் முழுதும் அடித்துப் பார்த்தேன். இரண்டு கோடும் பிரிந்தன, ஆனால் பக்கம் கூடியது. மாணவர்கள் டைம்ஸையே கேட்டார்கள்.

அந்த பிடிஎஃப்பை ஃபோனில் வைத்து நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. விசைப்பலகையின் ஹைஃபன், அச்சுக்கலையின் இணைப்புக்கோடு, கணக்கின் கழித்தல் குறி மூன்றும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. யூனிகோடில் மூன்றும் வேறு வேறு குறிகள். மேன் பேஜ் எழுதியவர் கட்டளையில் வரும் ஹைஃபனுக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டால் கிராஃப் அதை இணைப்புக்கோடாக எடுத்துக்கொள்ளும். 2023இல் வந்த 1.23 பதிப்பு இதில் கண்டிப்பானது. டெபியன்காரர்கள் தங்கள் பக்கத்தில் அதைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். நேர் மேற்கோள் குறி வளைந்த மேற்கோளாகிவிடுவதும் இதே கதை. ஒட்டிய கட்டளை ஓடவில்லையென்றால், கோட்டையும் மேற்கோளையும் கையால் அழித்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது தடவை ஓடிவிடும்.

எல்லாவற்றையும் அச்சிட வேண்டியதும் இல்லை. கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல்லின் மேன் பேஜ் மட்டும் பல பத்துப் பக்கம் போகும். அது புத்தகமாகப் படிக்க வேண்டியது, தனியே ஸ்பைரல் போட்டுக்கொள்ளலாம். எல்எஸ், சிபி, எம்வி போன்றவை வேறு வகை. இவற்றை எழுதும் குனு குழுவினர் தங்கள் முழு விளக்கத்தையும் இன்ஃபோ என்ற இன்னொரு வடிவத்தில்தான் எழுதுகிறார்கள். மேன் பேஜை, நிரல் தரும் உதவிக் குறிப்பிலிருந்து ஹெல்ப்டுமேன் என்ற கருவி தானாகத் தயாரிக்கிறது. அதில் ஆப்ஷன் பட்டியல் இருக்கும், எடுத்துக்காட்டு கிடையாது. அங்கே மேன் பேஜை மட்டும் கொடுத்துவிட்டு மாணவர் தேறவில்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை. டிஎல்டிஆர் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் அதிகபட்சம் எட்டு எடுத்துக்காட்டுகளை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. நான் அதை முதல் தாளாகவும் மேன் பேஜை இரண்டாம் தாளாகவும் வைத்துத் தைக்கிறேன். சி நிரல் எழுதுகிறவர்களுக்குக் கவலையில்லை: சிஸ்டம் கால், நூலகச் செயற்கூறுகளின் கையேட்டை லினக்ஸ் மேன்-பேஜஸ் திட்டமே இணைப்புகளோடு ஒரே பிடிஎஃப் புத்தகமாக வெளியிடுகிறது. எதை எடுத்தாலும் கடைசியில் இருக்கும் பதிப்புரிமைப் பகுதியை வெட்டாதீர்கள். நாம் படியெடுத்துக் கொடுக்க அனுமதி தந்தவர்களின் பெயர் அதில்தான் இருக்கிறது.

ஜெராக்ஸ் கடைக்கு பிடிஎஃப்பாகவே கொண்டு போகவும். வேர்டு கோப்பாகப் போனால் அங்கே இருக்கும் எழுத்துரு எதுவோ அதில் திறக்கும். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும்படி செய்துகொண்டால் அந்தத் தொல்லை இல்லை. “ஃப்ரண்ட் அண்ட் பேக்கா, சிங்கிளா?” என்று கேட்பார்கள். சிறு புத்தகமாக மடிக்க வேண்டுமானால் ஏ4இல் இரண்டு பக்கம் வருமாறு நாமே அடுக்கிக்கொண்டு போவது நல்லது. பிடிஎஃப்ஜாம் என்ற நிரல் அதைச் செய்துகொடுக்கும். மடித்த தாள் ஒன்றுக்கு நான்கு பக்கம் என்பதால் மொத்தம் நான்கால் வகுபட வேண்டும், குறைந்தால் வெற்றுப் பக்கம் சேரும். அந்த வெற்றுப் பக்கங்களை மாணவர்கள் குறிப்பெழுத வைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாகத் தமிழ். மேன் பேஜுக்குள்ளேயே தமிழ் விளக்கத்தை எழுதி கிராஃப் வழியாக பிடிஎஃப் எடுக்கலாமே என்று நான் ஆசைப்பட்டேன். நடக்கவில்லை. அதன் வழக்கமான பிடிஎஃப் எழுத்துருக்களில் தமிழ் இல்லை என்பது ஒரு காரணம். எழுத்துருவைச் சேர்த்தாலும் பெரிய காரணம் அப்படியே நிற்கும். கிராஃப் வந்த குறிகளை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டு போகும். கொ என்ற எழுத்து கணினிக்குள் க முதலிலும் ஒகரக் குறி பின்னாலும் இருக்கிறது. தாளில் கொம்பு முன்னால் போய், க நடுவில் நின்று, கால் பின்னால் வர வேண்டும். இந்த முன்பின் மாற்றத்தைச் செய்யும் பகுதி கிராஃபில் இல்லை.

ஆனால் உலாவிகளில் இருக்கிறது, லிப்ரே ஆஃபிஸில் இருக்கிறது. அதனால் தமிழ் வேண்டிய இடத்தில் வேறு தடம் பிடிக்கிறேன். யூனிக்ஸ் வழிவந்த ஓபன்பிஎஸ்டி ஓடும் கணினிகளில் மேன் பேஜுக்கு கிராஃபின் இடத்தில் இருக்கும் மேண்டாக் என்ற நிரல், மேன் பேஜைச் சுத்தமான எச்டிஎம்எல் ஆக்கித் தரும். அதில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் கீழே இரண்டு வரி தமிழ் எழுதி, உலாவியிலேயே பிடிஎஃப்பாக அச்சிட்டுக்கொள்ளலாம். எச்டிஎம்எல் பழகாதவர்களுக்கு பாண்டாக் என்ற நிரல் இருக்கிறது. மேன் பேஜைப் படித்து லிப்ரே ஆஃபிஸ் கோப்பாக மாற்றிக் கொடுக்கும், தடித்த எழுத்தும் சாய்வும் தங்கும். போன மாதம், கோப்பை யார் படிக்கலாம் எழுதலாம் என்பதை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையின் பக்கத்தை அப்படி மாற்றி, அரூர் மாணவர்கள் இருவர் உட்கார்ந்து தமிழ்க் குறிப்பு எழுதினார்கள். பர்மிஷன் என்பதற்கு அனுமதி போடுவதா உரிமை போடுவதா என்று அரைமணி நேரம் பேசி, அனுமதி என்று முடிவெடுத்தார்கள். வரும் ஞாயிறு அடுத்தது, கோப்பு தேடும் ஃபைண்ட். அதன் பக்கம் நீளம், இரண்டு வாரம் பிடிக்கும்.